நான்கு வாஷர் உயரம்

நேற்று எங்கள் சர்வீஸ் சென்டருக்கு ஒருவர், வாங்கி இருபதே நாளான காரோடு வந்தார். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி இருக்கிறதாம். பையிலிருந்து பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டினார். அரை மில்லிமீட்டர் இருக்கலாம். "பாக்கறேங்க சார்" என்றேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் சோறு போடவா என்று கேட்டால்கூட வாயில் இதுதான் வருகிறது. அவர் போன பிறகும் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் அம்பாசிடரில் அதே இடத்தில் என் கட்டைவிரல் போகும்.

அப்பா அந்த வண்டியை விழுப்புரம் டாக்சி ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். டீசல், வெயிலில் காய்ந்த ரெக்ஸின், கண்டமங்கலம் பக்கத்துச் சவாரிகள் டிக்கியில் ஏற்றிய மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டை, இந்த மூன்றும் கலந்து ஒரு வாசனை உண்டு உள்ளே. பள்ளிக்கூடம் விட்டதும் பின்சீட்டில் படுத்துத்தான் படிப்பேன். என் கணக்கு நோட்டைப் பிரித்தாலும் அதே வாசனைதான் அடிக்கும். கணக்கு வாத்தியார் நோட்டைத் திருத்தும்போது மூக்கைச் சுளிப்பார். என் கணக்கும் சுளிக்கிற மாதிரிதான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

நான் டிப்ளமோ முடித்த சமயத்தில் வண்டியின் முன்பக்கம் தொங்க ஆரம்பித்தது. கிரில், பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டன. மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேல்பக்கம் வாயைப் பிளந்து நின்றது. ஸ்டாண்டில் அதற்கு 'அழுமூஞ்சி' என்று பெயர் வைத்தார்கள். கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள்.

"மாப்ள அழைப்புக்கு அழுதுகினே வர்ற வண்டிய யாருண்ணே கூப்புடுவான்?" என்பார் பக்கத்து வண்டிக்காரர். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த வாரம் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். வண்டி ஓடத் தகுதியானது என்கிற அந்தச் சான்று கிடைக்காவிட்டால் சொந்த வண்டியை ஓட்ட முடியாது, ஸ்டாண்டில் இடமும் கிடையாது. அந்த வாரம் அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியின் முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் டிங்கர் வேலை செய்யும் ஏழுமலையிடம் கொண்டுபோனோம். அவர் அடியில் படுத்து, ரேடியேட்டரைத் தாங்குகிற சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். துரு மாவு மாதிரி கொட்டியது.

"அண்ணே, இதுல இரும்பே இல்ல. வெட்டிப்புட்டு புதுத் தகடு வெச்சி வெல்டிங் அடிக்கணும். பத்து நாளு ஆவும்."

பத்து நாள் எங்களிடம் இல்லை. அதோடு, நான் படித்தவன் வேறு. சட்டத்தின் அடியிலுள்ள ரப்பர்கள் நசுங்கியதால்தான் முன்பக்கம் இறங்கியிருக்கிறது, வாஷர் வைத்துத் தூக்கினால் போதும் என்றேன். நோட்டில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். ரப்பர் நசுங்கியிருந்தது உண்மைதான். நான் அதை மட்டும் பார்த்தேன்.

"இன்ஜினியரே, கட்டிலு ஒடிஞ்சி கெடக்குது, நீங்க தலகாணிய மாத்தச் சொல்றீங்க" என்றார் ஏழுமலை.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்புள்ள படிச்சவன் ஏழுமல. அவன் சொல்றத செய்யி."

ஜாக்கி கொடுத்து, மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, மெல்ல ஏற்றினோம். ஐந்து வாஷர் வைத்ததில் மட்கார்டு பின்னால் சாய்ந்து கதவோடு முட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அப்பா கதவைத் திறக்க முடியாமல், அந்தப் பக்கத்து சீட்டு வழியாகத் தவழ்ந்து இறங்கினார். "இன்னாண்ணே, பெத்த அப்பனையே உள்ள வெச்சிப் பூட்டிட்டானே!" என்று சிரித்தார் ஏழுமலை. ஒரு வாஷரை எடுத்தோம். நான்கில் எல்லாம் சரியாக நின்றது. கதவோர இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. அப்பா பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு வந்து, வண்டியின் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் வழியில், கூட்டேரிப்பட்டு வேகத்தடையில் முன்னால் மடாரென்று ஒரு சத்தம். வாஷர்கள் துருத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டன. சட்டம் சாய்ந்து, ரேடியேட்டர் ஃபேனில் மாட்டி, கொதிக்கிற தண்ணீர் ரோட்டில் ஓடியது. டீக்கடையில் இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரு டிரைவரே இந்த வேலைய பண்ணது?" என்றார் ஒருவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "நான்தாம்பா. ஜல்தியில பண்ணிட்டேன்."

ஏழுமலை டெம்போவில் கயிறோடு வந்தார். வந்ததும் குனிந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எஃப்.சி. நாள் போயிற்று. கொஞ்ச நாளில் வண்டியை எடைக்குப் போட்டோம். அப்பா ஊரார் வண்டிகளுக்கு ஆக்டிங் டிரைவரானார்.

ஸ்டாண்டில் இப்போது ஓர் அம்பாசிடர்கூட இல்லை. அதற்காக நான் ஏங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மே மாத வெயிலில் அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்தவன் யாரும் ஏங்க மாட்டான். போனது வேறு. அந்த வாஷர் வேலைக்கு முன்பு வரை வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். ரேஷன் கடைச் சீட்டு, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம். படித்து முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அது எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஊருக்குப் போனபோது, மறுநாள் தனக்குக் கண் ஆபரேஷன் என்றார் அப்பா. எந்தக் கண், எந்த டாக்டர், எதுவும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டை மெடிக்கல் கடைக்காரர் படித்துச் சொன்னாராம்.

"என்னண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா."

"ஒனக்கு வேல இருக்கும்னுதாம்பா" என்றார்.

குரலில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.