ஜம்புநாதன் உயிர்கொடுத்த தோட்டா

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த மாதமே ஜம்புநாதன் ஒரு துப்பாக்கி வாங்கினார். டெக்சஸ் மாநிலத்தின் ஆலன் நகரில் அவர்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இறந்துபோக, அவர் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். சோபா பார்க்கப் போன மனைவி ஷ்யாமளா வெறுங்கையோடு திரும்பினாள். பின்னால் வந்த கணவரின் தோளில் வேட்டைத் துப்பாக்கி ஒன்று தொங்கியது.

மாடிப்படியில் நின்ற மகள் ஹம்சா அப்பாவையும் துப்பாக்கியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்பா, யூ டோன்ட் ஈவன் ஈட் சிக்கன்."

"மான் சுடவா வாங்கினேன்? இது ஹிஸ்டரிம்மா."

குழலின் மேல், அது சுடும் தோட்டாவின் பெயர் 'பிரெய்ரி 263' என்று பொறித்திருந்தது. அந்த ரகத் தோட்டாவைத் தயாரிப்பதையே நாற்பது வருடங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஜம்புநாதனுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்பவர். மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்தால் மூன்று பேர் குறுக்கே பேசுவார்கள். தமிழ்ச் சங்கத்தில் நாற்காலி அடுக்கும் பொறுப்பை மட்டும் மறக்காமல் கொடுப்பார்கள். உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இப்போது அவர் கைக்கு வந்திருந்தது.

பழைய தோட்டாக்களுக்கென்று இணையத்தில் இருந்த குழுவில் 'டெக்சஸ் ஜம்போ' என்ற பெயரில் சேர்ந்தார். பழைய கேட்டலாகுகளைக் கரைத்துக் குடித்தார். ஆறே மாதத்தில் குழுவின் நிர்வாகி. 263 சுடும்போது எப்படி உதைக்கும் என்று யாரோ கேட்டதற்கு, 'தோளில் ஒரு நண்பன் தட்டுவதுபோல இருக்கும்' என்று எழுதினார். அந்தத் தோட்டாவை என்ன, எந்தத் தோட்டாவையுமே அவர் அதுவரை சுட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பக்கத்து ஊரான பிளேனோவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஹாஜா நஜ்முதீன் ஒருவருக்குத்தான் இது தெரியும். சனிக்கிழமை தோறும் சுடப் போகிறவர். அவரிடம் 263 தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு செய்து தரச்சொல்லிப் போனார் ஜம்புநாதன்.

"நான் ஆஸ்பத்திரிக்கு ஸ்க்ரூ பண்றவன் சார். லைசன்ஸ் இல்லாம தோட்டா வேலை பண்ணி உள்ள போகச் சொல்றீங்களா? முதல்ல அந்தத் துப்பாக்கிய ரிப்பேர் வேலை தெரிஞ்ச நல்ல கன்ஸ்மித் யாருகிட்டயாவது காட்டுங்க. பழசு. உள்ள என்ன பண்ணி வெச்சிருக்காங்களோ."

"பேரல்லயே எழுதியிருக்கே ஹாஜா! அதுக்கு மேல என்ன ப்ரூஃப்?"

வழக்கொழிந்த தோட்டாக்களை மறுபடி தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்று ஓக்லஹோமாவில் இருந்தது. திங்கட்கிழமை தவறாமல் அதற்கு மின்னஞ்சல் அனுப்பினார், இரண்டு வருடம். அளவு வரைபடங்கள் அனுப்பினார். கையெழுத்து திரட்டினார். கோயிலில் பிரசாத வரிசையில் நின்றவர்களிடம்கூட ஐபேடை நீட்டினார். பார்க்கிங் பிரச்சினைக்கு என்று நினைத்துப் பலர் கையெழுத்துப் போட்டார்கள். தொல்லை தாங்காமலோ, நிஜமாகவே ஆசைப்பட்டோ, கம்பெனி சம்மதித்தது. முதல் பெட்டிகளின் மூடியில் 'ஜம்போவுக்கு நன்றி' என்றே அச்சடித்தார்கள்.

மெக்கின்னி ஊருக்கு அப்பால், துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்றில் முதல் சூடு. தலைமை விருந்தினர் ஜம்புநாதன். புதுத் தொப்பி வாங்கியிருந்தார். ஹாஜாதான் கார் ஓட்டினார். பழைய 263 துப்பாக்கிகளோடு பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் காத்திருந்தார்கள்.

சுடுவதற்குமுன் ஒவ்வொரு துப்பாக்கியையும் ரேஞ்சின் கன்ஸ்மித் பெண்மணி சோதித்தாள். ஜம்புநாதனுடையதில் அவள் ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்தபோது, அது சொம்புக்குள் போட்ட புளியங்கொட்டை மாதிரி லொடலொடவென்று ஆடியது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் விளக்கினாள். யாரோ அறுபது வருடத்துக்கு முன்பே குழலைக் குடைந்து பெரிதாக்கி, வேறு தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த டெக்சஸ் கடையிலும் மீன் தூண்டிலுக்குப் பக்கத்தில் கிடைக்கிற சாதாரணத் தோட்டாவுக்கு. வெளியே இருந்த பெயரை மட்டும் அழிக்கவில்லை. இதில் 263-ஐப் போட்டுச் சுட்டால் முகம் இருந்த இடத்தில் இருக்காது என்றாள்.

ஜம்புநாதன் புதுத் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். கூடவே வந்து நின்ற ஹாஜா தன் ஷூவின் கயிற்றைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

விஷயம் புரியாத ஒரு விவசாயிக் கிழவர், கௌரவமாகத் தன் துப்பாக்கியை நீட்டினார். ஜம்புநாதன் வாங்கி, குறி பார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். இலக்குக் காகிதத்தில் ஒரு கீறலும் இல்லை. வெகு தூரத்தில் இடதுபக்கம் புழுதி கிளம்பியது. டெக்சஸ்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், கைதட்டினார்கள். பிறகு அந்தக் கிழவர் சுட்டார். நடுவில் விழுந்தது. தன் அப்பாவின் துப்பாக்கி, தன் காலத்தில் இனிப் பேசாது என்று நினைத்திருந்தாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜம்புநாதனின் வலது கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். துப்பாக்கி உதைத்த தோள்பட்டையில் உயிர் போயிற்று. அந்த ஒரு நிமிடம் மட்டும் ஜம்புநாதனுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது ஃப்ரீவேயில் ஹாஜா மெல்ல ஆரம்பித்தார்.

"குரூப்ல நீங்களே சொல்லிடுங்க சார். ரெண்டு நாள் சிரிப்பாங்க, விட்டுடுவாங்க."

"எதைச் சொல்லணும்?"

ஹாஜா ரேடியோவைப் போட்டார்.

வீட்டில் ஷ்யாமளா, உறையவைத்த பட்டாணிப் பையைத் தோளில் வைத்து அழுத்தினாள். நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

"ஏன்னா, நண்பன் தட்டற மாதிரின்னு எழுதினேளே, யாரு அந்த நண்பன்? வீட்டுப் பக்கம் கூட்டிண்டு வந்துடாதீங்கோ."

அன்று மாலையே ஜம்புநாதன் குழுவில், 'எதிர்பார்த்தபடியே துல்லியம். முதல் சூட்டிலேயே கண் கலங்கிவிட்டது' என்று எழுதினார். இரண்டும் பொய்யில்லை, சுட்டவரும் கலங்கியவரும் வேறு ஆள் என்பதைத் தவிர. துப்பாக்கி இப்போது வீட்டில் அவர் அலுவலக அறைச் சுவரில் தொங்குகிறது. சரித்திர மதிப்புள்ளது, சுட்டு வீணாக்கக்கூடாது என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்.

போன மாதம் ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு உயிர்கொடுக்கும் வேலையைக் கையிலெடுத்திருக்கிறார். அதைத் தயாரிப்பதை நிறுத்தி எண்பது வருடம் ஆகிறது. கம்பெனிக்கு நான்கு மின்னஞ்சல் போய்விட்டன.

"டூ யூ ஈவன் ஹேவ் தட் பிஸ்டல்?" என்று கேட்டாள் ஹம்சா.

"பிஸ்டல் எதுக்கு?" என்றார் ஜம்புநாதன்.