நாலாம் வார்டு அக்காவுக்குப் பிடித்த புத்தக வகை

நாலாம் வார்டு அக்காவுக்கு எந்த வகைப் புத்தகம் பிடிக்கும் என்பதை எங்கள் முதலாளி ஒரு சாயங்காலம் முடிவு செய்தார். அக்கா அப்போது வகுப்புக்கு வந்து சேரவில்லை. பேருந்துக்குக் காத்து நின்றுகொண்டிருந்தார்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிறது எங்கள் பேச்சு ஆங்கிலப் பயிற்சி நிலையம். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே இறந்தகாலமும் எதிர்காலமும் ஒன்றாகிவிடும். முதலாளி முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். என்னைப்போல் இரண்டு மடங்கு வயதானவர்கள் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டபோது, பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கொஞ்ச நாள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறை மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே மருத்துவமனையின் ஊழியர்கள்; அக்கா அங்கே நாலாம் வார்டு உதவியாளர். அங்கே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு நோயாளிகள் வரப்போகிறார்கள், வரவேற்பு மேசைக்கு ஆங்கிலம் பேசும் ஆள் வேண்டும், உள்ளே வேலை பார்ப்பவர்களிலேயே ஒருவரை நேர்காணல் வைத்து எடுப்போம் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பெயர், குடும்பம், பொழுதுபோக்கு. அடுத்து, உங்களுக்கு எந்த வகைப் புத்தகங்கள் பிடிக்கும், ஏன்?

முந்தைய முறை ஒரு விடுதி வேலைக்குப் போன எங்கள் மாணவர்கள் அத்தனை பேரும் வரிசையாக, துப்பறியும் கதைகள் பிடிக்கும், ஏனென்றால் அவை மர்மம் நிறைந்தவை என்று ஒப்பித்தார்கள். பாதி வரிசை தாண்டியதும் கேள்வி கேட்டவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்தானா என்றாராம். முதலாளிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இனிமேல் ஆளுக்கு ஒரு வகை என்று சட்டம் போட்டு, உட்காரும் வரிசைப்படி பங்கு பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் சில வாக்கியங்கள் எழுதித் தருவது என் வேலை.

மறுநாள் வகுப்பு சந்தைக் கடையானது. ரயிலில் இடம் மாற்றிக்கொள்வதுபோல் வகைகளை மாற்றிக்கொண்டார்கள். கேன்டீன் சமையல்காரருக்குப் பேய்க் கதை விழுந்திருந்தது. இருட்டோடு எழுந்து தனியாக அடுப்பு பற்றவைக்கிறவன் நான், வாயால்கூட அதைச் சொல்ல மாட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டார். காவலாளிக்குத் தன்வரலாறு.

"என் வரலாறே எனக்குப் பிடிக்கல மிஸ். அடுத்தவன் வரலாறு எனக்கெதுக்கு? பேயைக் கொடுங்க," என்று அவர் சமையல்காரருடையதை வாங்கிக்கொண்டார்.

அக்காவின் பங்கு துப்பறியும் கதை. அவருடைய நாத்தனாருக்குக் காதல் கதை. நாத்தனார் அதே மருத்துவமனையில் சலவைப் பிரிவு. இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் வந்து, ஒரே நாற்காலிக்கு விண்ணப்பித்திருந்தார்கள்.

நாற்காலி என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா அதை வேலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. வருடக்கணக்காக நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, சக்கரப் படுக்கையில் ஏற்றி இறக்கி அவர் இடுப்பு போயிருந்தது. சீருடைக்கு மேல் அகலமான பெல்ட் கட்டியிருப்பார். வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்து, முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கைப்பையைச் செருகிக்கொள்வார். மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருநாள் தாழ்வாரத்தில் நடந்தபடியே, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள், இல்லாவிட்டால் நீயும் இங்கேயே படுத்துவிடுவாய் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் அக்கா சொல்வார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார்; அவர் ஒருவர் சம்பாத்தியத்தில் வீடு நடக்காது. வேலையை விடவும் முடியாது, செய்யவும் முடியாது.

நாத்தனாருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காதல் கதை பிடிக்கும் என்று நாலு பேர் நடுவே சொன்னதாக மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போனால் என்ன ஆவது என்று கண் கலங்கினார்.

"நீங்க மாத்திக்குங்களேன் அண்ணி. உங்களுக்கென்ன, கல்யாணம் ஆயிடுச்சு."

"அதுவும் சரிதான். எனக்கு இனிமே காதல் எங்க வந்து ஒட்டப்போகுது, கொடு."

விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் உருப்போட ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று, அந்த மாதிரிக் கதை ஒன்று கொடுங்கள், படித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கும் என்று சொல்கிறேன் என்றார். சாப்பிடாமலே ருசியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம்.

அலமாரியைத் திறந்தேன். புத்தக வகைகளைப் பற்றி வாரம் முழுக்கப் பாடம் நடத்தும் எங்கள் நிலையத்தில் ஒரு கதைப்புத்தகம்கூட இல்லை. தண்ணீர் வடிகட்டி விளம்பரத் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. வீட்டுக்குப் போய் என் அலமாரியைப் பார்த்தேன். இலக்கியம் படித்ததற்கு அடையாளமாகக் கேள்வி-பதில் கையேடுகள் வரிசையாக நின்றன. எனக்குப் பிடித்த வகை அதுதான் போலிருக்கிறது. கடைசியில் நடைபாதைக் கடையில், கற்பவர்களுக்காகச் சுருக்கி எளிதாக்கிய ஓர் ஆங்கிலக் காதல் கதையை வாங்கினேன். இருந்ததிலேயே ஒல்லியானது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அளவுக்கு என் பட்டம் உதவியது.

வார்டில் நோயாளிகள் கண்ணயரும் மதிய நேரத்தில் அக்கா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். தெரியாத சொல்லை, கால் முறிந்து படுத்திருந்த தபால்காரரிடம் கேட்பாராம். அவருக்கும் தெரியாவிட்டால் இருவரும் கலந்துபேசி ஏதோ ஒரு பொருளை வைத்துக்கொண்டு மேலே போவார்கள். படித்து முடித்துவிட்டு வந்த அன்று அக்கா முகத்தில் கோபம்.

"பிடிக்கல மிஸ்."

கதாநாயகன் பணக்காரன். கதாநாயகி சம்மதிக்கும்வரை இரவெல்லாம் அவள் சன்னலுக்குக் கீழே மழையில் நிற்கிறான். "வேலை வெட்டி இல்லாதவன். அப்படி நனைஞ்சா நெஞ்சுல சளி கட்டாதா? கட்டினா எங்க வார்டுக்குத்தான் வருவான். நான்தான் புரட்டிப் போடணும். அந்தப் பொண்ணு சன்னலைச் சாத்திட்டுத் தூங்கியிருக்கணும்."

துப்பறியும் கதையைத் திருப்பித் தரும்படி நாத்தனாரிடம் கேட்டார். பாதி மனப்பாடம் ஆகிவிட்டது, இனி மாற்றினால் இரண்டும் நிற்காது என்று நாத்தனார் மறுத்துவிட்டார். நான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்: நமக்குப் பிடிப்பது வேறு, பரீட்சை வேறு. பரீட்சைக்கு எது பிடிக்குமோ அதுதான் நமக்கும் பிடிக்கும். அந்த ஒரு கொள்கையை வைத்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். அக்கா தலையாட்டினார். நம்பி ஆட்டினாரா, சின்னப் பெண் மனம் நோகக் கூடாதென்று ஆட்டினாரா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

நேர்காணல் மருத்துவமனையின் கூட்ட அறையில் நடந்தது. ஏசி பழுதாகியிருந்ததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மாணவர்களுக்குத் தைரியம் சொல்ல முதலாளி என்னை அனுப்பியிருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் இருந்த எங்களுக்கு எல்லாமே கேட்டது. கேள்வி கேட்டவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மாள்.

நாத்தனார் துப்பறியும் கதைகளைப் பற்றிக் குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டினார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சை நானே ஒட்டுக்கேட்பது போலவும் இருந்தது.

அக்கா முறை வந்தது. காதல் கதைகள் பிடிக்கும், ஏனென்றால் அவை உணர்ச்சி நிறைந்தவை என்று முதல் வாக்கியத்தைச் சொன்னார். நிறுத்தினார். பிறகு, ஆனால் நான் படித்தது எனக்குப் பிடிக்கவில்லை என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதித் தரவில்லை. அந்த அம்மாள் ஏன் என்று கேட்க, மழை, சளி, சன்னல் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. வினைச்சொற்கள் நொண்டின, ஆனால் நிற்காமல் ஓடின. அவளுக்காக அவன் காத்து நிற்பது அழகில்லையா என்று அம்மாள் விடாமல் கேட்டார். நிற்பதுதான் அழகென்றால் வாசலில் எங்கள் காவலாளி தினமும் நிற்கிறார், போய்ப் பாருங்கள் என்றார் அக்கா. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த காவலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே சிரிப்பும் வாக்குவாதமுமாக நேரம் போனது. எங்கள் நிலையத்தில் படித்த ஒருவர் இன்னொரு மனிதரோடு ஆங்கிலத்தில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். நாற்காலி அக்காவுக்குத்தான் என்று தீர்மானமாக இருந்தேன்.

நாற்காலி நாத்தனாருக்குப் போனது. அக்காவுக்கு ஆங்கிலம் போதும், ஆனால் எதிரில் இருப்பவர் சொல்வதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார், வரவேற்புக்கு ஆகாது என்று அம்மாள் சொல்லிவிட்டாராம். அன்று அக்கா வகுப்புக்கு வந்து, பையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து, நாத்தனார் நீட்டிய மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்ட பிறகுதான் சொன்னார்.

புதுக் கட்டடம் திறந்தபோது அதில் புகார் பிரிவு என்று ஒரு மேசை போட்டார்கள். அதற்கு விண்ணப்பிக்க ஓர் ஆளும் முன்வரவில்லை. ஒல்லிப் புத்தகத்திலேயே இத்தனை குறை கண்டவர் இருக்கிறாரே என்று அந்த அம்மாளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அக்காவை அங்கே உட்காரவைத்தார்கள். சுழலும் நாற்காலி, கைப்பிடியோடு.

முதலாளிக்கு இதில் ஒரு தொழில் ரகசியம் புலப்பட்டது. "இனிமே ஆளுக்கு ஒரு பிடிச்ச புத்தகம், ஒரு பிடிக்காத புத்தகம். எழுதிக் கொடுத்துடுங்க மிஸ்," என்றார். முதலில் படிக்க வேண்டாமா என்று கேட்டேன். பிடிக்காததைப் படித்து எதற்கு நேரத்தை வீணாக்குவது என்று நியாயமாகவே திருப்பிக் கேட்டார். நானும் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எது பிடிக்காது என்று யோசித்துப் பார்த்தால், அதற்கும் ஒரு கையேடு இருந்தால் தேவலை என்றிருந்தது.

எங்கள் விளம்பரப் பலகைக்கு அக்காவின் புகைப்படம் வாங்கிவர முதலாளி என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். நான் போனபோது புகார் சொல்பவர்களுக்கான நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புகார் இருந்தா சொல்லு, இல்லன்னா எழுந்திரு. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க," என்றார் அக்கா.

"நிக்கறதுதான் அண்ணி புகாரே."

வரவேற்பில் இருப்பவர்கள் வருகிறவர்களை நின்றுதான் வரவேற்க வேண்டும் என்று புது விதி. நாற்காலி இருந்தால் உட்காரத் தோன்றும் என்று அதையும் எடுத்துவிட்டார்களாம். வெளிநாட்டார் ஒருவர்கூட இன்னும் வரவில்லை. வருகிற எல்லோரும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தமிழில்தான் கேட்கிறார்கள். அக்கா எட்டி நாத்தனாரின் காலைப் பார்த்தார். வீங்கித்தான் இருந்தது.

"ஊழியர் புகாரை நான் வாங்க முடியாதும்மா. அந்த அம்மா இன்னிக்கு வந்திருக்காங்க, எதிர் ரூம்ல. நேராப் போய்ச் சொல்லு, இங்கிலீஷ்ல சொன்னாத்தான் கேப்பாங்க."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். உள்ளே வரச்சொல்லும் குரல் கேட்டது. வாசலில் நின்று வாயைத் திறந்தார். அவரிடம் இருந்த ஆங்கிலம் முழுக்கத் துப்பறியும் கதைகளைப் பற்றியது. அத்தனையும் நான் எழுதிக் கொடுத்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நீங்க இதுல உக்காருங்க மிஸ். நான் வர்ற வரைக்கும் எழுந்துடாதீங்க, எடுத்துட்டுப் போயிடுவாங்க."