வெங்காயப் பட்டறைக்கு அடியில் அம்மா வைத்த குடம்

அன்புள்ள உறவினர்களே, அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்களே,

இப்படி ஒரு நினைவு மலரைக் கையில் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். நானும் அப்படிச் செய்கிறவள்தான். இதை மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள். உங்களால் எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது குன்னம் பக்கத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு மழையை எதிர்பார்த்திருந்த குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது வாலிகண்டபுரத்துக்கு அருகில். அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். நான் பள்ளியில் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் என்னையும் தம்பியையும் ஆளாக்கியது அம்மா விற்ற சின்ன வெங்காயம்தான். சந்தை நாளில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார். வாயும் ஓயாது.

செல்லாத காசை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். அம்மா வாங்குவார். "பாவம், அதுக்கும் ஒரு போக்கிடம் வேணாமா? குடுங்க இங்க" என்பார். ஓட்டைக் காலணா, தாமரைப்பூ போட்ட இருபது பைசா, ஏர் ஓட்டும்போது கிடைத்தது என்று யாரோ கொடுத்த தேய்ந்த செப்புக் காசுகள், எல்லாம் முறுக்கு டப்பாவில் சேர்ந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் டப்பா வந்துவிடும். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே மடியிலிருந்து நாலு காசை எடுத்துக் காட்டி எங்கள் மானத்தை வாங்கியவர் அம்மா.

தம்பி வெளியூரில் வேலையாக இருந்த காலத்தில், பழைய காசு வாங்குவதாகச் சொல்லி ஒருவர் பைக்கில் வந்தார். காசைவிடக் கதவையும் தாழ்ப்பாளையும்தான் அதிகம் பார்த்தாராம். "வூட்ல தனியாத்தான் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அம்மாவின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த முறை நான் போனபோது டப்பாவைக் காணோம். கேட்டேன். "யாரோ கேட்டாங்க, குடுத்துட்டேன். வுடு" என்றார்.

அதிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டார். கல்லும் கட்டையும் அடுக்கி, மேலே ஓலை போட்டு, விதை வெங்காயத்தைக் காற்றாட வைத்திருக்கும் பட்டறையை விட்டு நகர மாட்டார். கட்டிலையே அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தம்பி குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வந்த பிறகும் இது மாறவில்லை. அரியலூரில் என் வீட்டுக்கு வந்தால் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் ஓடிவிடுவார். வெங்காயம் விற்கிற விலைக்குக் காவல் காக்கிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனைக்குக் கூப்பிட்டபோதும், "பட்டறைய யாரு பாத்துக்குவா?" என்றார். தம்பி தூக்கித்தான் காரில் வைத்தான். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். உயிரோடு வீட்டுக்கு வரவில்லை.

கருமாதி முடிந்து சில வாரங்களில் தம்பி ஆள் வைத்துப் பட்டறையைப் பிரித்தான். அடிக்கல்லை நெம்பிய கடப்பாரை ஒரு பித்தளைக் குடத்தில் இடித்தது. மதியத்துக்குள் ஊரெல்லாம் புதையல் என்ற பேச்சு. கிராம நிர்வாக அலுவலர் வந்து எல்லோர் முன்னிலையிலும் குடத்தைக் கவிழ்த்தார். அத்தனையும் அம்மாவின் காசுகள். கழுவிக் காயவைத்த பால் கவர்களில் முடிந்து வைத்திருந்தார். "அந்தக் காலத்து ராசா பால் கவர்லயா முடிஞ்சு வச்சாரு? போங்கய்யா, வேலையப் பாருங்க" என்று அலுவலர் சிரித்தார். மண்ணில் கிடைத்த பழங்காசு என்பதால் மேலே காட்ட வேண்டும் என்று செப்புக் காசுகளை மட்டும் அலுவலகத்துக்கு எடுத்துப்போனார்.

ஆனால் பேச்சு அடங்கவில்லை. மேலே இருந்தது கிழவியின் காசு, அடியில் இருப்பது தங்கம் என்கிறார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கொல்லையில் யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள். பக்கத்தில் அறுத்த எலுமிச்சம்பழமும் குங்குமமும் கிடந்தன. போன மாதம் தம்பி மனைவி பிள்ளையோடு ரேஷன் கடையில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"பாப்பா உங்களுக்குத் தலைச்சன் புள்ளைங்களா?"

புதையல் தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவள் அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். போனில் "அண்ணி, அண்ணி" என்றே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் தினமும் ராத்திரி போன் போட்டுப் பிள்ளை தூங்கிவிட்டாளா என்று கேட்டுக்கொள்கிறேன். அம்மா இத்தனை வருடம் இந்தப் பயத்தைத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் அழுகை வருகிறது.

மருத்துவமனையில் அம்மாவைத் தாய் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்ற சந்தைத் தோழிகளுக்கும், தினமும் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் நன்றி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பந்தலுக்கு நடுவில் பாய் விரித்து அம்மாவின் காசுகளைக் கொட்டி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்றுகூட வேண்டாம். பட்டறை இருந்த இடத்தை ஆள் உயரத்துக்குத் தோண்டி மூடாமல் விட்டிருக்கிறோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் எட்டிப் பாருங்கள். வெறும் மண்தான். பஸ்ஸில், டீக்கடையில், சந்தையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு எட்டு வயது. அவளிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. ஏன் தெருவில் விளையாட விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

மகள்,
அரியலூர்