ரங்கூனிலிருந்து வர வேண்டிய அத்தை

மெட்ராஸிலிருந்து வரும் சாயங்கால பாசஞ்சர் திண்டிவனத்தில் நிற்பது மூன்றே நிமிஷம். அதற்குள் சக்கரபாணி இன்ஜின் பக்கத்திலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு நடை நடந்து முடித்துவிடுகிறார். அறுபது வயது ஆள், வலது முழங்காலில் வாதம். ஆனாலும் அந்த மூன்று நிமிஷம் மட்டும் கால் சொன்னபடி கேட்கிறது. இறங்குகிற வாலிபர்களை அவர் பார்ப்பதில்லை. குழந்தை குட்டியோடு இறங்குகிறவர்களையும் பார்ப்பதில்லை. தகரப் பெட்டியும் கையுமாக, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிற கிழவி யாராவது உண்டா என்பதுதான் அவர் தேடுவது.

பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வர ஆரம்பித்ததிலிருந்து, ஒரு வருஷத்துக்கு மேலாக இதே வழக்கம். ஸ்டேஷன்காரர்கள் அவரிடம் பிளாட்பாரம் டிக்கெட் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். "இன்னா ரைட்டரே, அத்தை இன்னிக்கும் வரலியா?" என்று கேட்பதோடு சரி.

"வருவாங்க, வருவாங்க. எங்க போயிடப் போறாங்க," என்று குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போவார்.

அந்த அத்தை அவருக்கு அத்தை அல்ல. அவர் முகத்தை இவர் பார்த்ததும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தவர் யாரும் இந்த ஊரில் கிடையாது.

பகலில் சக்கரபாணி பத்திர எழுத்தர். சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு சாய்வு மேஜை, இரண்டு மைப்புட்டி. முப்பத்தைந்து வருஷமாக இந்த வட்டாரத்தில் கைமாறிய வீடுகளில் பாதி அவர் பேனா வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன. 'மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை' என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாரோ, ஒரு தடவைகூட அதை அவர் நம்பியதில்லை. "எழுதறது என் கை. நம்பறது வாங்கறவன் தலையெழுத்து," என்பார். பஸ் டிக்கெட்டைக்கூட முன்னும் பின்னும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் போடுவார்.

அவரோடு தெருவில் நடந்து போவது அவ்வளவு சுகமான காரியம் இல்லை. பச்சைக் கதவு போட்ட அழகான வீடு என்று நாம் பார்ப்பது, அவருக்கு மூத்த தாரத்து மகன் கையெழுத்துப் போடாத வீடு. அடுத்த வீட்டைக் காட்டி, "ஜல்தியில வாங்கிப் போட்டுட்டாரு பாவம். கெணறு கோயில் மானியத்துல நிக்குது. இன்னிக்கில்லன்னா நாளைக்குப் பேஜாருதான்," என்பார். அந்த வீட்டுக்காரரே வாசலில் நின்று கும்பிட்டால் இவரும் நின்று பதிலுக்குக் கும்பிடுவார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

இந்தப் பயம் ஒன்பது வயதில் பிடித்தது. அவர் பிறந்த வருஷம் வல்லத்தில் அவர் அப்பா நிலத்தில் ஒரு துண்டை விற்று ஓட்டு வீடு ஒன்று வாங்கியிருந்தார். விற்றவருக்கு ஒரு தம்பி உண்டு, அப்போது மைனர். "சின்னப் பையன், அவன் எங்க வந்து கேக்கப் போறான்," என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சின்னப் பையனுக்கு மீசை முளைத்தது. கோர்ட்டுக்குப் போனான், தீர்ப்போடு வந்தான். வீட்டைக் காலி செய்ய கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நின்றபோது அம்மா அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைச் செருகியபடியே பானையைக் கொண்டுவந்து தெருவில் வைத்தார்கள். களி இறுகிப்போய், துடுப்பு சாயாமல் நட்டுக்கொண்டு நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. ஐம்பது வருஷம் ஆகியும் அந்தத் துடுப்பு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகவே சக்கரபாணி வாடகைக்கே இருந்தார். கிடங்கல் போகிற தெருவில் லட்சுமியம்மாள் வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, கிணற்றில் காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் தேதி ஜன்னலுக்கு வெளியே போய்விடும். மண்ணில் மரம் செடி எதுவும் வைக்கக் கூடாது. அவர் மனைவி அம்சவள்ளி, வாய் உடைந்த பானை ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று வைத்து வளர்த்தாள். "கெளம்பறப்ப தூக்கிக்கினு போறதுக்கு வசதியா இருக்கும்," என்பாள். மண்ணில் இருந்திருந்தால் கூரை தொட்டிருக்கும். பானைக்குள் முழ உயரத்திலேயே நின்றுவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. வருஷத்துக்கு ஒரு வீட்டையாவது அம்சவள்ளி பார்த்துவிட்டு வந்து ஆசையாகச் சொல்வாள். சமையல்கட்டு எந்தப் பக்கம், துணி காயப்போட இடம் உண்டா, அம்மி போட மூலை உண்டா, எல்லாம் பார்த்து வைத்திருப்பாள். இவர் ஆபீசில் பழைய ஏடுகளைப் புரட்டிவிட்டு வந்து கையை விரிப்பார். போகப் போக அவளே, "இதுல யாரு? சின்ன வூட்டுக்காரியா, மைனரா?" என்று கேட்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். இருபது வருஷம் அப்படிச் சிரித்தாள் அந்தப் பெண். 

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் ஆவணியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். கடைசியில் டாக்டர் இவரைத் தனியாக அழைத்து, தோளில் கை வைத்து, "இனிமே எங்க கையில ஒண்ணுமில்லீங்க. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. இருக்கற வரைக்கும் நல்லபடியா பார்த்துக்குங்க," என்றார். டாக்டர் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். எந்த வீட்டுக்கு என்றுதான் இவருக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் லட்சுமியம்மாள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பந்தக்கால் நடவேண்டிய வீட்டில் ஒரு சாவு விழுந்தால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்? லட்சுமியம்மாள் கெட்டவள் அல்ல. அம்சவள்ளிக்குத் தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவள்தான். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டேதான் சொன்னாள்: "உங்கள போவச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க ரைட்டரே. பொண்ணு கல்யாணம். நீங்களே எதுனா ரோசன பண்ணுங்க."

அந்தச் சமயத்தில் ராயப்பன் வீடு விலைக்கு வந்தது. ராயப்பன் ரயில்வே கார்டு. விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். திண்டிவனத்தில் அவர் தாத்தா கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, நல்ல ஓடு, பின்னால் கிணறும் ஒரு கொய்யா மரமும். சக்கரபாணி முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. நம்பாமல் இன்னும் இருபது வருஷம் பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அம்சவள்ளி பாயில் படுத்தபடியே, பால் காய்ச்சுவதற்கென்று பித்தளைச் சொம்பு ஒன்றை வாங்கிவரச் சொல்லி வைத்துக்கொண்டாள். இவர் அவள் பெயரில் முத்திரைத்தாள் வாங்கிவந்தார். தாளை விற்ற வெண்டர் அதன் பின்பக்கம் 'சக்கரபாணி மனைவி அம்சவள்ளி' என்று எழுதியிருந்ததை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"இன்னொரு தபா படிங்க," என்றாள்.

மறுநாள் காலை அட்வான்ஸை மடியில் கட்டிக்கொண்டு விழுப்புரம் போனார். ராயப்பன் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சக்கரபாணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க அப்பாருகூடப் பொறந்தவங்க யாருனா உண்டுங்களா?"

"ஒரே ஒரு அத்தை இருந்தாங்க, இருதயமேரின்னு பேரு. கட்டிக்கினு ரங்கூன் போனவங்க. நாப்பது வருஷமாச்சு. சண்டைக்கப்புறம் ஒரு கடுதாசி கெடையாது. குண்டு போட்டதுல போயிருப்பாங்க."

சக்கரபாணி டம்ளரைக் கீழே வைத்தார். கிறிஸ்தவர் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு. தாத்தா வீடென்றால் பாதி அந்த அத்தையுடையது. விற்றதும் அடகு வைத்ததும்தான் ஆபீஸ் ஏட்டில் இருக்கும். ரங்கூன் போன பெண் அதில் இருக்கமாட்டாள்.

"செத்ததுக்கு எதுனா அத்தாட்சி இருக்குதுங்களா?"

ராயப்பன் சிரித்துவிட்டார். "ரைட்டரே, நாப்பது வருஷமா வராதவங்க, நீங்க பால் காய்ச்சற அன்னிக்கா வந்து நிக்கப் போறாங்க?"

"எங்க அப்பாருகிட்டயும் இப்பிடித்தாங்க சொன்னாங்க," என்று சக்கரபாணி எழுந்துகொண்டார். மடியில் கட்டிய பணம் மடியிலேயே திரும்பியது. ரயிலில் வரும்போது, பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தோம் என்றுதான் அவர் நினைத்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அம்சவள்ளி அவர் முகத்தைப் பார்த்ததுமே, "யாரு?" என்றாள்.

"ஒரு அத்தை இருக்காங்களாம்."

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.  சொன்னாள்: "வில்லங்கத்தோடவே வாங்குங்க. நான் இன்னா நூறு வருஷமா இருக்கப் போறேன்? அந்த அத்தை வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். அது வரிக்கும் யாரும் எழுந்து போன்னு சொல்லாத எடமா இருந்தா போதுங்க."

மறுநாளே போயிருக்கலாம். சக்கரபாணி நான்கு நாள் யோசித்தார். நான்கு நாளும் வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகங்களில் அந்த அத்தைக்கு ஒரு வழி தேடினார். ஐந்தாம் நாள், எது வந்தாலும் வரட்டும் என்று விழுப்புரம் ஓடினார். ராயப்பன் கையைப் பிசைந்தார். "நீங்க வேணாம்னுட்டுப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன் ரைட்டரே. நேத்துதான் மல்லாட்டை மண்டிக்காரருகிட்ட அட்வான்ஸ் வாங்கினேன்." அத்தை சங்கதியை அந்த வேர்க்கடலை மண்டிக்காரரிடமும் அவர் சொல்லியிருந்தார். "வந்தா பாத்துக்கலாம்," என்றாராம் மண்டிக்காரர். அவ்வளவுதான் அவருக்கு ஆன யோசனை.

பெருமுக்கலிலிருந்து அம்சவள்ளியின் தம்பி பச்சைமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலும் அறுவடை சமயம், வீடு நிறைய மல்லாட்டை மூட்டை. மூட்டைகளை ஒதுக்கி அக்காவுக்குப் பாய் போட இடம் பண்ணியிருந்தார். வண்டியில் தூக்கிப் படுக்க வைத்ததும் அம்சவள்ளி கறிவேப்பிலைப் பானையை எடுத்து வைக்கச் சொன்னாள். பித்தளைச் சொம்பை இவர் கொண்டுவந்து நீட்டியபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி அவள் இறந்தாள். அன்று சக்கரபாணி பக்கத்தில் இல்லை. மண்டிக்காரரின் பத்திரம் அன்றுதான் பதிவு. "ரைட்டரு எழுதினா ஒரு தப்பு இருக்காது," என்று அவரிடமே கொண்டுவந்திருந்தார்கள். அதே வீடு, அதே கிணறு, அதே கொய்யா மரம். 'எவ்வித வில்லங்கமும் இல்லை' என்று எழுதி மையை ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் பெருமுக்கலிலிருந்து ஆள் வந்தது.

லட்சுமியம்மாள் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சக்கரபாணி இன்னும் அதே பின்கட்டில்தான் இருக்கிறார். லட்சுமியம்மாள் மனசு கேட்காமல், அம்சவள்ளி படத்தை மாட்டிக்கொள்ளட்டும் என்று தானே ஆளை விட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தாள். அம்சவள்ளியைப் படம் எடுத்ததே கிடையாது. அந்த ஆணியில் குடை தொங்குகிறது. அவள் பெயருக்கு வாங்கிய முத்திரைத்தாளை எழுதும் காகிதத்துக்கு அடியில் கொடுத்துக்கொள்கிறார். அழுத்தி எழுதுகிற கை. ஊரார் வீடுகளின் நான்கெல்லைகளும் மையில்லாமல் அதில் பதிந்து கிடக்கின்றன.

மண்டிக்காரர் அந்த வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டார். கொய்யா மரம் காய்த்துக் கொட்டுகிறது. ஐந்து வருஷமாக யாரும் வந்து பங்கு கேட்கவில்லை. அத்தை வந்துவிட்டால் சக்கரபாணி செய்தது சரி என்று ஆகும். அம்சவள்ளியையும் ஒருநாள் பானையும் கையுமாகத் தெருவில் நிறுத்தாமல் காப்பாற்றினோம் என்று ஆகும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஸ்டேஷன் போர்ட்டரிடம் ஒரே ஒரு தடவை, "அந்தம்மா வந்தாத்தான்பா எனக்குத் தூக்கம்," என்றார்.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கிழவி இறங்கினாள். எழுபத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக்கு ஒரு பிடி வைத்த பழைய தகரப் பெட்டி. இறங்கியவள் நின்று நான்கு பக்கமும் பார்த்தாள். சக்கரபாணி ஓடினார்.

"ஏம்மா, ரங்கூன்லேந்து வர்றீங்களா?"

"ஆமாம்பா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கை தானாகப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டது. "இருதயமேரியம்மாதானே?"

"இல்லப்பா. எம் பேரு வெள்ளையம்மா."

"உங்க தம்பிக்கு இங்கதானே வூடு? கெணறு, கொய்யா மரம்..."

"எனக்குத் தம்பியே கெடையாதுப்பா. பொட்டியக் குடு. செஞ்சி பஸ்ஸு போயிடப் போவுது."

கார்டு பச்சைக் கொடி காட்டினார். வண்டி நகர்ந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றார் சக்கரபாணி.

கிழவி பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்து இழுத்தாள். மறு பிடியை அவர் விடவில்லை.