மூன்றாவது டயப்பர்

எலிஹியோ பாரேடெஸ் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். என்கர்நாசியோன் நகரத்தில் இருந்து செம்மண் கிராமங்களுக்குப் போய்வரும் வண்டி. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, படிய வாரிய தலை. வண்டிக்குள் யாராவது துப்பினால் நடுவழியில் நிறுத்தி இறக்கிவிடுவார். மேயரின் மச்சானையே ஒரு தடவை இறக்கிவிட்டார். மனைவி செத்துப்போன பிறகு தன் துணியைத் தானே துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட மனுஷர் இடுப்பு எலும்பு உடைந்து என் வார்டுக்கு வந்தார். நான் ரெமிஹியா, அங்கே தலைமை நர்ஸ். இந்தக் கதையில் எனக்கு நல்லவள் வேஷம் கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டயப்பர் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். அப்புறம் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டுவோம். அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். ஆளுக்கு நாளைக்கு இரண்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாவது வேண்டுமென்றால் நோயாளி என்னிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன், இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். இதை எழுதிச் சுவரில் காகிதம் ஒட்டினேன். முதல் மாதமே இருப்பு முப்பதாம் தேதிவரை நின்றது. பெரிய டாக்டர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவதை யாருமே கேட்கவில்லை என்பதை அங்கே பெருமையாக வேறு சொன்னேன்.

ஜனவரி வந்தது, எங்கள் பக்கத்தில் அதுதான் கோடை. வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துக் கட்டில் லோரென்சோ ஐஸ் தண்ணீரில் இலை ஊறிய தெரெரே பானத்தைக் கொம்புக் குவளையில் ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலோடு அறை முழுக்கச் சுற்றிவிடுவான். நீட்டிய தெரெரேவை எங்கள் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எலிஹியோ ஐயா மட்டும் வேண்டாம் என்றார்.

"என்ன ஐயா, எங்க தெரெரே உங்க வாய்க்கு ஆகாதோ?" என்று கேட்டேன்.

"குளிர்ச்சி ஒத்துக்கலம்மா."

"முப்பது வருஷம் ஐஸ் ஜாடிய காலடியில வச்சு பஸ் ஓட்டுனவருக்கு இப்பத்தான் ஒத்துக்கலையாக்கும்! எல்லாரும் வாய் வச்ச குழல்ல குடிக்கக் கௌரவம் இடிக்குது போல."

அறையே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நான் அதில் வாசலைன் தடவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அதிலிருந்து நாலாம் நாள் அவருக்குப் புத்தி தடுமாறியது. படுத்தபடியே பஸ் நிறுத்தங்களின் பெயரைக் கூவினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. டாக்டர் நிதியா என்னைப் பார்த்து, "இவரு ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எத்தனை டயப்பர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

லோரென்சோதான் பேசினான். "குடிக்கவே மாட்டாரு டாக்டர். ரெண்டுக்குள்ள அடங்கணும்ல? ஒரு நாள் மத்தியானமே நனஞ்சிருச்சு, சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே கெடந்தாரு. கேளுங்கன்னேன். ஒரு பொம்பளகிட்ட அதப் போயி கேக்கச் சொல்றியாடான்னு வஞ்சாரு. மறுநாள்லேருந்து தண்ணிய விட்டுட்டாரு."

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறிய பிறகு பிழைத்துக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து, "குடிங்க ஐயா. எத்தன வேணும்னாலும் மாத்துறோம்," என்று குவளையை நீட்டினேன்.

"அப்போ மாசக் கடைசில யாருக்கு இல்லாமப் போகும்?"

"யாருக்கும் இல்லாமப் போகாது."

பச்சைப் பொய். அவருக்கும் அது தெரிந்தது. என் முகத்துக்காகத்தான் வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கே அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி கூட்டம், மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களும் வந்து என் ஏற்பாட்டைக் கேட்கப் போகிறார்கள். கைதட்டல் வாங்கிய ஏற்பாட்டைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அறை முழுக்க விருந்தாளிகள். போசாதாஸில் இருந்து ஆற்றுப் பாலம் தாண்டி அவர் மகள் சுனில்தா வந்திருந்தாள், இரண்டு பேத்திகளோடு. நான் மருந்து வண்டியோடு அப்போதுதான் உள்ளே வந்தேன். புது நர்ஸ் ஒருத்தி அவர் கட்டிலருகே நின்று, "தலைமை நர்சக் கேக்காமத் தர முடியாது ஐயா, அந்தா எழுதியிருக்கு பாருங்க," என்று சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார்.

"ரெமிஹியாம்மா, எனக்கு மூணாவது வேணும்."

மகள் ஒன்றும் புரியாமல் அவரையும் என்னையும் பார்த்தாள்.

"என்னப்பா மூணாவது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேத்திகளுக்கு முன்னால், டயப்பர் என்ற அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.