வெல்டன் துரைக்குத் தெரிந்த வித்தைகள்

போன வாரம் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் வறுத்த கடலை வாங்கினேன். பல் இருக்கிற லட்சணத்துக்குக் கடலை ஒரு கேடா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், என் பேத்தி தினமும் கேட்கிறாள். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு வண்ணப் படம். முகமூடிக்காரன் ஒருவன் ஓடுகிற ரயிலின் கூரைமேல் நிற்கிறான். கடலையைப் பேத்தியிடம் தள்ளிவிட்டு நான் தாளை மோந்து பார்த்தேன். அச்சு மையும் எண்ணெயும் கலந்த வாசனை. அது என்னைக் கொடைக்கானல் கடைவீதியில், பசை காய்ந்த விரல்களோடு சின்னம்மா பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

அங்கே எங்கள் அத்தா, அதாவது அப்பா, மளிகைக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. சீசன் முடிந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலையிறங்கும்போது அவர்கள் வீட்டுப் பழைய பேப்பர் எல்லாம் எடைக்கு எங்கள் கடைக்கு வரும். அதைக் கிழித்துப் பசை தடவிப் பை ஒட்டுவது வீட்டுப் பெண்களின் சோலி. பள்ளங்கி கிராமத்துக்காரர் வாங்கும் டீத்தூளும், மலைக்கிராமமான கிளாவரையிலிருந்து வந்து துரைசானி கூடைக்குப் போகும் பூண்டும் அந்தப் பைகளில்தான் போயின. மிளகாயும் பூண்டும் மக்கிய பேப்பரும் சேர்ந்த அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். மல்லிகை மணத்தில் வளர்ந்ததாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான்.

சின்னம்மா அத்தாவுடைய தம்பியின் மனைவி. அவள் புருஷன், எங்கள் சின்னத்தா, ரங்கூனில் அரிசிக் கடை ஒன்றில் பங்குக்காரர். கல்யாணமான சில மாதத்தில் கப்பலேறிப் போனவர். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் சிலர் உண்டு. மதுரைக்கும் பழனிக்கும் அப்படி வந்தவர்களையெல்லாம் அத்தா போய்ப் பார்த்து விசாரித்தார். சின்னத்தாவைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் வெல்டன் துரை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கேப்டன் வெல்டன் என்று போட்டிருக்கும். அமெரிக்கப் பேப்பரின் ஞாயிற்றுக்கிழமைப் படக்கதைத் தாளில் முழுப் பக்கத்துக்குக் கலர் கலராக வருவார். மஞ்சள் சட்டை, வாயில் புகைகிற சுங்கான், புயலடித்தாலும் கலையாத வகிடு. அவருக்குத் தெரியாத வித்தை கிடையாது. விமானம் ஓட்டுவார். தண்ணீருக்கடியில் முழுப் பக்கமும் மூச்சடக்கிக் கிடப்பார். யானையிடம் அதன் காதில் பேசுவார். எந்தப் பூட்டும் அவருக்குத் திறக்கும். எதிரிகளை அடித்துப் போட்டுவிட்டு, அதே சட்டையோடு விருந்துக்குப் போய்ப் பியானோ வாசிப்பார். சின்னம்மாவுக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. ஒரு தாளில் துரை மீன் முள்ளை ஊசியாக்கிக் கிழிந்த பாராசூட்டைத் தைத்துக்கொண்டிருப்பார். "ஆம்பள தைக்கிறான் பாருடி. தையல் எம்புட்டு நெருக்கமா இருக்கு!" என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூட்டையில் தாள்கள் முன்பின்னாகத்தான் வரும். ஒரு தாளில் அருவியிலிருந்து விழுந்து செத்தே போவார். அடுத்த மூட்டையில் சிறையில் தாடியோடு உட்கார்ந்திருப்பார். சின்னம்மா அவற்றை வரிசைப்படுத்துவாள். தாடி முளைக்க நாளாகும், ஆகவே அருவிக்குப் பிறகுதான் சிறை என்பாள். கலர்த் தாளை மட்டும் பைக்குக் கிழிக்க விடமாட்டாள். எல்லாம் அவள் பாய்க்கடியில் இருக்கும்.

அவளுக்கு அவர் கதையில் வருகிறவர் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பேப்பரில் வந்திருக்கிறது, ஆகவே நடந்திருக்கிறது. சண்டைச் சேதியும் பேப்பரில்தானே வந்தது? "கருப்பு வெள்ளையில போட்டதையே நம்புறோம். கலர்ல போட்டா நம்பக் கூடாதா?" என்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டி 'போட்' என்றும் 'ரோப்' என்றும் படித்துக் காட்டுவேன். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே மேதை நான்தான்.

ஒருநாள் வந்த தாளில் பெரிய ஆறு. கரையில் மூட்டை முடிச்சோடு ஜனம். வெல்டன் துரை கயிற்றை இடுப்பில் கட்டி நீந்திப் போய் மறுகரையில் கட்டுகிறார். கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். நடுவில் கைலி கட்டி, தொப்பி போட்டு, சின்னத் தாடியோடு ஓர் ஆள். கக்கத்தில் குடை. சின்னம்மா கையில் இருந்த பசைக் கிண்ணம் கவிழ்ந்தது.

"குடையப் பாத்தியா? குளிக்கப் போனாக்கூட எடுத்துட்டுப் போற ஆளுடி உங்க சின்னத்தா."

அன்றிலிருந்து அவள் நன்றாகச் சாப்பிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஐந்து வேளை துஆவிலும் வெல்டன் துரைக்கு ஒரு பங்கு போனது.

சின்னத்தாவிடமிருந்து சேதி நின்று நாலு வருஷம் முடிந்தது. பண்ணைக்காட்டில் காப்பி, மிளகு வியாபாரம் செய்த அவளுடைய அண்ணன் காசிம் மாமா ஜமாத்துப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பிற்பகல் வந்தார். பழனியில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் மனைவியை இழந்து நிற்கிறார், நல்ல மனிதர் என்றார்கள். நாலு வருஷம் காத்தாயிற்று, மார்க்கப்படி இனி அவள் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அத்தா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சின்னம்மா அந்தத் தாளை என் கையில் கொடுத்து அனுப்பினாள். "அவரு உசுரோட இருக்காரு. சாட்சி இந்தா கெடக்கு."

பெரியவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மிஷன் பங்களா பட்லர் சாமுவேல் அந்நேரம் கடையில் சர்க்கரைக்கு நின்றிருந்தார். அத்தா அவரைக் கூப்பிட்டார். சாமுவேலுக்கு விஷயம் தெரியாது. தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம வெல்டனு! இதுக்குத்தாங்க எங்க பங்களாப் பிள்ளைக அடிச்சுக்குதுங்க. வெறும் பொம்மக் கதைங்க. படம் போடுறவன் மனசுல உண்டாக்குன ஆளு."

காசிம் மாமா சிரித்தார். சாமுவேலும் சிரித்தார். திரைக்குப் பின்னால் பெண்கள் பேசக் கூடாத நேரம் அது. சின்னம்மா பேசினாள்.

"அப்ப அந்த ஆத்த யாரு தாண்ட வச்சது?"

சாமுவேலுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "யாருமில்லம்மா" என்றார் மெதுவாக.

நான் உள்ளே போனேன். சின்னம்மா சுவரைப் பார்த்து நின்றாள். "அவருக்கு நீந்தத் தெரியாது" என்றாள், என்னிடம் சொல்வதைப் போலவும் இல்லை. பிறகு திரைக்கு வெளியே கேட்கும்படி, "உங்க இஷ்டம்ங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சாமுவேலைக் கடித்திருப்பேன். உண்மையைச் சொன்ன மனுஷன்மேல் கோபப்படுவது எவ்வளவு எளிது பாருங்கள்!

நிக்காஹ் வரைக்கும் அவள் பாய்க்கடியிலிருந்த தாள்களையெல்லாம் எடுத்துப் பை ஒட்டினாள். மூலை பிசகாமல், ஒரு தாளையும் மிச்சம் வைக்காமல் ஒட்டினாள். விமானமும் யானையும் பியானோவும் பூண்டு சுமந்து போயின. அவள் பழனிக்குப் போனாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், காலை பஸ்ஸிலிருந்து இறங்கிச் சின்னத்தா கடை வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். சண்டை முடியும்வரை பர்மாவின் உட்பகுதிக் கிராமம் ஒன்றில் மாட்டிக்கொண்டு, கப்பல் விட்டபின் வந்திருக்கிறார். அத்தா அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. ஆனால் உள்ளே கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அம்மாதான் சோறு போட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னாள். சின்னத்தா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளையாண்டிருக்கிறாள் என்றாள் அம்மா.

அத்தா பேச்சை மாற்றுவதாக நினைத்து, அங்கே எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டார். "நாத்து நட்டேன், வல தச்சேன். அவங்க பாஷ பேச வந்துருச்சு. ஆத்தோரக் குடிச. நீந்தக்கூடக் கத்துக்கிட்டேண்ணே" என்றார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தார். வாடிக்கையாளர்கள் அவரிடம் ரங்கூனைப் பற்றிக் கேட்பார்கள், மனைவியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஒருநாள் வெள்ளனே எழுந்து, "பினாங்குல ஒரு சோலி இருக்குண்ணே" என்று கிளம்பினார். அத்தா தடுக்கவில்லை. அதற்குப் பின் ஒரு சேதியும் இல்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. வெள்ளைக்காரக் குடும்பங்கள் போய், அவர்களுடைய பேப்பரும் நின்று, அத்தாவும் அம்மாவும் போனார்கள். சின்னம்மா பழனியில் பேரன் பேத்தி எடுத்துத்தான் போனாள். சின்னத்தாவைப் பற்றி அவளும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. முதல் தடவை அவர் காணாமல் போனபோது அவர் வருவார் என்று சாட்சி தேடிக்கொண்டிருக்க ஒருத்தி இருந்தாள். இரண்டாம் தடவை போனவரை யாரும் தேடவே இல்லை.