என்னைப் பற்றி நான்கு வரிகள்

அருள்புரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய பையர். அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரை வேறு பக்கம் மாற்றிக்கொண்டதும், கம்பெனி மெர்ச்சன்டைசிங் பிரிவையே மூடிவிட்டது. ஆறு பேர் ஒரே நாளில் வெளியே வந்தோம். மெயிலில் ஆர்டர் வந்தது முதல் பெட்டிகள் கப்பலேறும்வரை நூல்காரர், நிட்டிங், டையிங், தையல் என்று எல்லாரையும் துரத்திக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. துரத்த இனி ஒன்றும் இல்லை.

திருப்பூரில் வேலை என்பது சொல்லிவைத்துக் கிடைப்பது. பட்டன் கடைக்காரரிடம் சொல்லி வைப்போம், பிரின்டிங் யூனிட்காரரிடம் சொல்லி வைப்போம், அவர் இன்னொருவரிடம் சொல்வார். நாங்கள் ஆறு பேரும் ஒரே பட்டன் கடைக்காரரிடமும் ஒரே பிரின்டிங்காரரிடமும் போய் நின்றோம். "இப்பத்தானுங்க தம்பி, உங்க கம்பெனி ஆளு ஒருத்தரு சொல்லீட்டுப் போனாரு" என்று எல்லா இடத்திலும் அதே பதில்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதக் கற்றவன் நான் ஒருவன்தான். அப்பா வீரபாண்டியில் ஒரு டையிங் யூனிட்டில் காம்பேக்டிங் மெஷின் ஓட்டுகிறார். சாயம் போட்டுக் காய்ந்த துணி தைத்த பிறகு சுருங்காமல் இருக்க, ஆவி கொடுத்து முன்கூட்டியே அதைச் சுருக்கி எடுக்கிற மெஷின் அது. என் வேலை போய் ஒரு வாரம் கழித்து அவர், "கணியூருல மாமன் உரக்கடையில ஆளில்லாம தடுமாறிக்கிட்டு இருக்கறாரு. ஆடி முடியறவரைக்கும் பாரு கண்ணு. அமையலீன்னா அங்க போயிக்கலாம்" என்றார். மாமன் நல்லவர். கடையும் நல்ல கடை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

ஆறு பேரில் ஒருவர், ஆபீசில் எனக்கு எதிர் மேஜையில் இருந்த பெண். என் வயதுதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு திருப்பூர் வந்தவர். அவருடைய அம்மா ஒரு யூனிட்டில் துணி ஓரங்களைத் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவர் பேச்சிலிருந்து சாத்தூர் போகவில்லை. நான் எல்லாரையும்போல அவரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவேன். அது அவருக்குச் சிரிப்பாக இருக்கும்.

"புரொஃபைல் வச்சிருக்கியா?" என்று போனில் கேட்டார். வேலை பார்ப்பவர்களும் வேலைக்கு ஆள் தேடுபவர்களும் தங்களைப் பற்றி எழுதிவைக்கிற இணையதளத்தைத்தான் சொன்னார்.

"காலேஜ்ல பண்ணுனது இருக்குதுங்க."

மறுநாள் பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரியில் என்னோடு உட்கார்ந்து அவர் என் புரொஃபைலைத் திறந்தார். ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்தார்.

"இந்தக் கோட்டு யாருது?"

"ஸ்டுடியோக்காரருதுங்க. கம்ப்யூட்டர்ல மாட்டிவிட்டாரு."

"டையும் அவருதா?"

"ஆமாங்க."

"மூஞ்சி மட்டும் உன்னுதாக்கும்."

போட்டோவுக்குக் கீழே, இலக்கை நோக்கி உழைக்கும் துடிப்பான இளைஞன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கல்லூரி இறுதி ஆண்டில் பயிற்சி வகுப்பு எடுத்தவர் பலகையில் எழுதிப் போட்டார், வகுப்பு முழுவதும் பார்த்து எழுதினோம். என்னோடு படித்த இரண்டு பேரின் பக்கத்தை இவர் திறந்து காட்டினார். அவர்களும் துடிப்பான இளைஞர்களாகவே இருந்தார்கள்.

அவர் சொன்ன யோசனை எளிமையானது. அந்தத் தளத்தில், கூட வேலை பார்த்தவர்கள் நம்மைப் பற்றி எழுத ஓர் இடம் உண்டு. அதில் நாங்கள் ஆறு பேரும் ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுத வேண்டும். "நம்மளப் பத்தி நாமளே எழுதுனா இப்படித்தான் கோட்டு மாட்டிக்கிடுவோம். எதிர் மேஜைக்காரி என்ன செஞ்சான்னு கேட்டா, அது நமக்கு நல்லாத் தெரியும்."

மற்ற நால்வரும் ஒப்புக்கொள்ளவில்லை. "போட்டிக்கு நிக்கறவங்களுக்கே சிபாரிசு எழுதச் சொல்றீங்களா? நல்லா இருக்குதுங்க உங்க ஐடியா" என்று ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மற்றவர்கள் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

அவரைப் பற்றி நான் எழுதியதை முதலில் எடுத்துக்கொண்டு போனேன். கடின உழைப்பாளி, பொறுப்பானவர், எல்லாரிடமும் இனிமையாகப் பழகுபவர். படித்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினார்.

"கல்யாண புரோக்கர் எழுதின மாதிரி இருக்கு. நகை எத்தனை பவுன்னு மட்டும் விட்டுட்ட."

"வேற எப்படீங்க எழுதறது?"

"நான் என்ன செஞ்சேன்? அத எழுது."

அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு மெயில் ஞாபகம் வந்தது. குழந்தைகள் துணி ஆர்டர் ஒன்று, மூன்று கலர். மூன்றாவது கலர் டையிங்கில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் செய்வது ஒன்றுதான். நாளைக்கு ஆயிடுங்க, நாளைக்கு ஆயிடுங்க என்று பையரிடம் கடைசி நாள்வரை ஓட்டிவிட்டு, அப்புறம் விமானத்தில் அனுப்பிப் பெரிய செலவைத் தலையில் கட்டிக்கொள்வது. மேனேஜர் அதைத்தான் செய்யச் சொன்னார். இவர் கேட்கவில்லை. ஷிப்மென்ட் தேதிக்கு ரொம்ப முன்னாலேயே பையருக்கு எழுதினார். ஒரு கலர் தாமதமாகும், மற்ற இரண்டும் தயார், அவற்றை முதலில் கப்பலில் அனுப்பலாமா என்று. மறுநாள் காலை சரி என்று பதில் வந்திருந்தது. மேனேஜர் அன்று முழுவதும் எங்கள் மேஜைப் பக்கமே வரவில்லை.

இதை அப்படியே எழுதினேன். கடைசியில், "இந்த மெயிலை என்னால் எழுதியிருக்க முடியாது" என்று சேர்த்தேன். உண்மை என்பதால் சேர்த்தேன். அவர் படித்துவிட்டு, இந்த முறை போனைத் தள்ளாமல் தேநீரைக் குடித்து முடித்தார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

என்னைப் பற்றி அவர் எழுதியது நான்கே வரி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "துணி ரெடி என்று டையிங்கிலிருந்து போன் வந்தால் இவர் நம்ப மாட்டார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எங்களுக்குத் தேதி சொல்வார், அந்தத் தேதி மாறி நான் பார்த்ததில்லை. இவருடைய அப்பா ஒரு டையிங் யூனிட்டில் காம்பேக்டிங் மெஷின் ஓட்டுகிறார், அதனால் அங்கே இருப்பவர்கள் இவரிடம் பொய் சொல்வதில்லை. தன்னைப் பற்றிக் கேட்டால் இவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்."

படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பாவ எதுக்குங்க இதுல இழுத்தீங்க?"

"ஏன், அவரு என்ன களவா எடுத்தாரு? எங்கம்மா ஓவர்லாக் அடிக்கிறத நான் என் புரொஃபைல்ல போட்டிருக்கேன். தையல் லைன்ல எங்க வேலை நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னு நினைச்ச?"

நாம் சம்மதித்தால்தான் அடுத்தவர் எழுதியது நம் பக்கத்தில் தெரியும். நான் சம்மதிக்காமல் வைத்திருந்தேன். வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொல்லி, அவரைப் பற்றிய வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"யாரு எழுதுனது?"

"கூட வேலை செஞ்சவங்க. சாத்தூர்ப் பக்கம்."

"பொய் ஒண்ணும் இல்லியே. மெஷினு சும்மா காம்பேக்டிங் இல்ல, டியூபுலரு காம்பேக்டிங். அதச் சொல்லிச் சேத்தச் சொல்லு" என்றார்.

அன்றே சம்மதம் கொடுத்தேன். கோட்டுப் போட்டோவையும் எடுத்துவிட்டு, சட்டையோடு ஒன்று எடுத்துப் போட்டேன்.

ஆடி பாதி கடந்திருந்தது. வீரபாண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து எதிர் மேஜைக்காரருக்கு அழைப்பு வந்தது. அவருடைய பக்கத்தைப் பார்த்தவர்கள், அதில் எழுதியிருந்த என் பெயரைத் தொட்டு என் பக்கத்துக்கும் வந்திருக்கிறார்கள். இருவரையும் ஒரே காலையில் வரச் சொன்னார்கள். இருப்பது ஒரே இடம் என்பதை வரவேற்பறையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த டி-ஷர்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து ஒருமுறை சத்தமாகச் சிரிப்பு கேட்டது, ஆண் குரல். வெளியே வந்தவர், "கேட்டதுக்கு நேரா பதில் சொல்லு. ரொம்ப யோசிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உள்ளே இருந்த ஜி.எம்.முக்கு என் அப்பாவின் வயது இருக்கும். மேஜையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்திருந்தார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் எழுதுனீங்களா தம்பி?"

"ஆமாங்க."

"அப்பறம் எப்படி நம்பறது?"

"பொய்யா எழுதுனா அவங்க விடமாட்டாங்க. மொதல்ல நானு எழுதுனதத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அவர் போனில் விரலைத் தள்ளினார். "இந்த மெயிலை என்னால எழுதியிருக்க முடியாதுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. அப்ப அவங்களையே எடுத்துக்கறனுங்க. உங்கள எதுக்கு எடுக்கோணும், சொல்லுங்க."

கேட்டவர் முகத்தில் கிண்டல் இல்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டார். எனக்குக் கணியூர்க் கடையின் உர வாசனையே வந்துவிட்டது. யோசிக்காதே என்று வெளியே அவர் சொன்னதை நினைத்து வாயைத் திறந்தேன்.

"மெயில் எழுத ஆளு வேணும்னா அவங்கதானுங்க. ஆனா அந்த ரெண்டு கலரு ரெடின்னு போயிப் பாத்துட்டு வந்து சொன்னது நானுங்க. அத வெச்சுத்தான் அவங்க எழுதுனாங்க."

"அத ஏன் இதுல போடல?"

"அது அவங்களப் பத்தி எழுதறதுங்களே."

ஜி.எம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? டாப்ப ஒரு எடத்துலயும் பாட்டத்த வேற எடத்துலயும் வாங்குனா கலரு ஷேடு சேராது சார், செட்டா எடுங்கன்னுச்சு. பதினஞ்சு வருசமா ஆளெடுக்கறேன், இப்படி யாரும் வெல பேசுனதில்ல." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா எனக்கு இப்ப ஒரு சீட்டுத்தானுங்க தம்பி" என்றார்.

இடம் அவருக்குக் கிடைத்தது. அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். "நான் சேரப் போறேன். அம்மாவுக்கு முதுகு வலி தாங்கல, மெஷின விட்டு எந்திரிக்க வைக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னேன். வருத்தம் இருந்தது. ஆனாலும், வேறு யாராவது அந்த இடத்துக்குப் போயிருந்தால் எனக்கு ஆயிரம் குறை தோன்றியிருக்கும். அவர் விஷயத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் சரியான ஆள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனே நான்தானே.

ஆடி முடியப்போகிற நேரம், அம்மா என் துணிகளைத் தனியாகத் துவைத்து மடித்து வைத்திருந்தார். காலையில் ஜி.எம். எண்ணிலிருந்து போன்.

"தம்பி, இன்னிக்கு வர முடியுமுங்களா?"

"எதுக்குங்க?"

"உங்க ஆளு ஒரு வாரமா இங்க ஒரே ரகளை. டையிங்ல துணி ரெடின்னு போன்ல சொல்றாங்க, பையருக்குத் தேதி எழுதும்மான்னா எழுத மாட்டீங்குது. போயிப் பாத்தது யாருன்னு கேக்குது. நாந்தான் சொல்றனேன்னா, நீங்க பாத்தீங்களா சார்ன்னு என்னையே கேக்குது. போயிப் பாத்துட்டு வாரது என்னோட வேலையா? ஓனரு கிட்டப் பேசி இன்னொரு சீட்டு வாங்கிட்டனுங்க. வாங்க."

அப்பா அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீரபாண்டி என்றதும், "ஏறு, அந்த வழிதான்" என்று வண்டியை ஸ்டார்ட் செய்தார். மாமனுக்கு என்ன சொல்வது என்று அம்மா கேட்டதற்கு, "வேற ஆளு பாக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

சேர்ந்த அன்று மதியம் கேன்டீனில் அவருக்கு நன்றி சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"உனக்காகவா செஞ்சேன்? பாக்காத துணிக்கு நான் எப்படித் தேதி எழுதுவேன்? பையர்கிட்டப் பேரு கெடுறது எனக்குல்லா" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டு டையிங்குக்குப் போ. சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தேதி வேணும்" என்றார்.

நட்புக்காக இரக்கப்பட்டு ஒரு வேலை வாங்கித் தந்திருந்தால் அதை நான் கடனாகச் சுமந்திருப்பேன். அவர் சொன்னதை நான் முழுதாக நம்பினேன். சோற்றை அவசரமாக முடித்துவிட்டு, டையிங்குக்குப் போகக் கம்பெனி வண்டிச் சாவி எங்கே வாங்க வேண்டும் என்று அவரிடமே கேட்டேன்.